ஈச்சம்பட்டுக்கு ஒரு நிமிட மௌனம்

அழைப்புச் சீட்டில் 'மரபுச் சந்தை' என்று அச்சடித்திருந்தது. சந்தை என்றால் காய்கறி இருக்கும், கருவாடு இருக்கும், நாலு பேரிடம் பேரம் பேசலாம் என்று நினைத்துச் செங்கமலம் பெரிய கட்டைப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். இதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. அச்சடித்தவர்கள் சந்தையைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

வல்லம் வடகாலில் கார் கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்றில் செங்கமலம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். தொழில்தட மரபுப் பேணல் மன்றம் வருடாவருடம் தை மாதம் ஒரகடத்தில் நடத்தும் பழம்பொருள் சந்தைக்கு, அவள் கம்பெனி ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுத்தது. இலவசம். ஆனால் கட்டாயம். போகாதவர்களுக்கு ஒருநாள் லீவு வெட்டப்படும் என்று ஹெச்ஆர் அறிவித்தது.

"சந்த ஞாயித்துக்கெழம தான சார்? அன்னிக்கி லீவு. லீவுல எப்டி சார் லீவு வெட்டுவீங்க?" என்று செங்கமலம் கேட்டாள்.

"அதுக்கு சிஸ்டத்துல ஆப்ஷன் இருக்கு" என்றார் ஹெச்ஆர்.

இரண்டாவது சீட்டுக்குத் தன் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் கனிஷ்காவை அழைத்துக்கொண்டாள். கனிஷ்கா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. செல்போன் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். இருவரும் ஈச்சம்பட்டிலிருந்து ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள்.

இந்த நடை நாலு மாதமாகத்தான். ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி ஈச்சம்பட்டு என்று எழுதியிருந்த மஞ்சள் பலகையைக் காலோடு பிடுங்கி எடுத்துப் போனது. அன்றிலிருந்து மினி பஸ்ஸும் நிற்பதில்லை, கம்பெனி பஸ்ஸும் நிற்பதில்லை. டிரைவரைக் கேட்டால், "என் ஷீட்ல 'ஈச்சம்பட்டு போர்டு'ன்னு போட்டுக்கீது. போர்டு எங்க? போர்டே இல்லாத எடத்துல வண்டிய நிறுத்துனா ஆபீஸ்ல என்னிய கேப்பாங்கோ" என்றான். எனவே முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் நாற்பது பேர் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் ஒற்றை வரிசையாக நடந்தார்கள். போன மாதம் அமலா என்கிற பெண்ணின் பை வார் ஒரு டிரெய்லரில் மாட்டி இழுத்து, கை இரண்டு இடத்தில் முறிந்தது. செங்கமலம் மனு எழுதிக்கொண்டு நாலு ஆபீஸ் ஏறினாள். ரோடு போட்டவர்கள் பலகை தங்களிடம் இல்லை என்றார்கள். ரோடு போடச் சொன்னவர்கள் பலகை தங்களுடையதே இல்லை என்றார்கள். மூன்றாவது ஆபீஸில் சாப்பிடப் போயிருந்தார்கள். நாலாவது ஆபீஸ், மூன்றாவது ஆபீஸிடம் கேட்கச் சொன்னது.

சந்தை வாசலில் ராஜா காலத்துக் காவலாளி ஒருவன் ஈட்டியோடு நின்றான். பக்கத்தில் போன பிறகுதான் அது எதிர்வீட்டு ரகுபதி என்று செங்கமலத்துக்குத் தெரிந்தது. செக்யூரிட்டி ஏஜென்சியில் வேலை பார்ப்பவன். தலையில் ஜரிகைத் தலைப்பாகை. இயற்கையாகவே அவனுக்கு நல்ல மீசை உண்டு. அதன்மேல் இன்னொரு மீசையை ஒட்டியிருந்தார்கள்.

"இன்னாடா இது கோலம்?"

"மரபுக்கா. என் சொந்த மீச மரபா இல்லியாம்" என்றான் ரகுபதி, உதட்டை அதிகம் அசைக்காமல். "இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல பழசா எதுனா கொண்டாந்திருந்தா இந்த பாரத்துல எழுதணும்."

"எனக்கே நாப்பத்தாறு ஆவுது."

"அத்த எழுதாத. உள்ளயே வச்சிக்கப் போறாங்கோ."

உள்ளே வெள்ளைத் துணிப் பந்தல்கள். கத்தரிக்காய் இல்லை. கருவாடு இல்லை. துருப்பிடித்த பிஸ்கட் டப்பா, கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு, கால் ஒடிந்த ஸ்டூல். ஸ்டூலுக்கு மூன்று கால் இருப்பது குறையில்லை, அதுதான் அதன் விலை என்று கடைக்காரர் விளக்கினார். நாலு கால் உள்ள ஸ்டூல் பாதி விலைக்குக் கிடைத்தது.

நடுப்பந்தலில் ஒரு மேடை. அங்கே மன்றத்தின் பழமை மதிப்பீட்டாளர் மதிவதனி, கசங்காத கைத்தறிப் புடவையில், இரண்டு கையிலும் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் எதைக் கொண்டு வந்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். இதை இப்போது யாராவது பயன்படுத்துகிறார்களா? இது யாருக்காவது தேவைப்படுகிறதா? இது இல்லையென்று யாராவது அழுவார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது பழம்பொருள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அது வெறும் பழைய பொருள். வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும்.

பழம்பொருள் என்று தீர்ப்பானதும் வெண்கல மணி அடிக்கப்படும். உடனே சந்தையில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து நின்று அந்தப் பொருளுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும். இது மன்றத்தின் விதி. செங்கமலம் உள்ளே நுழைந்தபோது ஓர் அரிவாள்மணைக்கு மௌனம் நடந்துகொண்டிருந்தது. கடித்த பஜ்ஜியை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒருவர் கண்ணீரோடு நின்றார். மற்றவர்கள் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"காலைல கூட இதுல தான வெண்டக்கா அரிஞ்சேன்" என்றாள் செங்கமலம்.

"உஸ்" என்றார்கள் நாலு பேர்.

அடுத்தது துணி துவைக்கும் கல். மதிவதனி ஒலிபெருக்கியில், "இந்தக் கல்லில் அடித்துத் துவைத்த கைகள் இன்று எங்கே?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கனிஷ்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "ஏன்க்கா, நான் காலையில யூனிஃபார்ம தொவச்சிட்டுத்தான வந்தேன்? அப்ப நான் இல்லையா?"

மௌனம் முடிந்ததும் அவள் செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்கப் போனாள். இரண்டு நிமிடத்தில் ஓடி வந்தாள். "எக்கா, அங்கன வந்து பாருங்க. நம்ம ஊரு கெடக்கு."

கடைசிப் பந்தலில் பதினேழு ஊர்ப் பலகைகளை வரிசையாகச் சாய்த்து, முன்னால் பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். ஓரமாக நின்றது ஈச்சம்பட்டு. அதே மஞ்சள். அதே கறுப்பு எழுத்து. 'ட்'டின் புள்ளியில் மட்டும் யாரோ கல்லால் அடித்த பழைய வடு. கீழே ஒரு சீட்டு: 'ஊர்ப் பலகை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. வழக்கொழிந்தது. இவ்வூர் இன்று இல்லை.'

செங்கமலம் அதை இரண்டு தரம் படித்தாள். காலையில் கோழியைத் திறந்துவிட்டது, கேஸ் அடுப்பை மூடியது, பூட்டைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள்.

"நாம எங்கேருந்து வந்தோம் கனி?"

"அதான்க்கா எனக்கும் வெளங்கல."

செங்கமலம் நேரே மதிவதனியிடம் போனாள். "அம்மா, கடைசில ஒரு போர்டு வச்சிக்கிறீங்களே, அது எங்க ஊர்து. ஜேசிபிக்காரன் புடுங்கினு போயிட்டான். அது இல்லாம பஸ்ஸு நிக்கல. குடுத்தீங்கன்னா எடுத்துகினு போயிடுவேன்."

மதிவதனி கனிவாகச் சிரித்தார். "ஈச்சம்பட்டுதானே? அழகான பலகை. ஆனால் அம்மா, அந்த ஊர் இப்போது கிடையாது."

"நான் அங்கதான்மா இருக்கேன்."

"நீங்கள் அப்படி உணர்கிறீர்கள். அது இயல்பு." மதிவதனி தொழிற்பேட்டை வரைபடத்தை விரித்தார். "பாருங்கள். செக்டர் ஐந்து. இது லாரி நிறுத்துமிடம். இது பசுமைப் பகுதி. உங்கள் வீடு எங்கே?"

செங்கமலம் ஏரிக்கரையை வைத்துக் கணக்குப் போட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"அங்கே மரம் இருக்கிறது."

"மரம் இல்லமா. என் வூடு கீது. மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு வூடு."

"வரைபடத்தில் மரம் இருக்கிறது" என்றார் மதிவதனி, இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல.

செங்கமலம் ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மதிவதனி அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "வழக்கொழிந்த ஊரின் முகவரியோடு ஓர் அட்டை! நல்ல நிலையில் இருக்கிறது. இதை விற்பீர்களா?"

செங்கமலம் அட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குள் மன்றத் தலைவர் புருஷோத்தமனுக்குச் செய்தி போய்விட்டது. தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தனப் பொட்டும் உருத்திராட்சமுமாக வேகமாக வந்து, செங்கமலத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஈச்சம்பட்டின் கடைசிக் குடிமகள்! பதினேழு ஊருக்கும் தேடினேன் அம்மா, ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. நீங்களாகவே வந்துவிட்டீர்கள்!"

"நான் கடைசி இல்ல சார். என் பக்கத்து வூட்ல..."

"பணிவு! கிராமத்துப் பணிவு!" அவர் மதிவதனியைப் பார்த்தார். "எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்குப் பொன்னாடை."

"பொன்னாட வாணாம் சார். போர்டு தான் வேணும்."

"விழா முடிந்ததும் உங்கள் கோரிக்கையைக் குழு பரிசீலிக்கும்" என்றார் புருஷோத்தமன்.

பரிசீலிக்கும் என்ற சொல்லை நம்பிச் செங்கமலம் ஒத்துக்கொண்டாள். நாலு ஆபீஸ் ஏறியும் அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் பிடிபட்டிருக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். பட்டுக் கயிற்றை அவளையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒரு சீட்டை எழுதி அவள் முன்னால் நட்டார்கள்: 'ஈச்சம்பட்டுப் பெண். தொடாதீர்கள்.'

கூட்டம் வந்தது. கூலிங் கிளாஸ் போட்ட ஓர் அம்மாள், "அப்பல்லாம் என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"எப்ப?"

"அப்ப. ஊர் இருந்தப்ப."

"காலைல ரவா உப்மா" என்றாள் செங்கமலம்.

அம்மாளுக்கு ஏமாற்றமாக இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "நினைவு தப்பிப்போச்சு பாவம்" என்றார். ஒருவர் தன் குழந்தையைச் செங்கமலத்தின் மடியில் வைத்துப் படம் எடுத்தார். இன்னொருவர், பலகையோடு சேர்த்து வாங்கினால் தள்ளுபடி உண்டா என்று விசாரித்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற கனிஷ்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எக்கா, எந்திரிச்சு வாங்க. இவனுவ ஒங்களையும் சேத்து வெல போட்டுருவானுவ."

"இருடி. போர்டு இல்லாம நான் வரமாட்டேன்" என்றாள் செங்கமலம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமலாவின் மாவுக்கட்டு அவள் கண்முன்னால் இருந்தது.

பதினோரு மணிக்கு அவளை மேடைக்கு அழைத்துப் போனார்கள். பலகையையும் நாலு பேர் தூக்கி வந்து பக்கத்தில் சாய்த்தார்கள். புருஷோத்தமன் அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"பெருமக்களே! எங்களைப் பார்த்துச் சிலர் சொல்கிறார்கள், ஊர்கள் அழிகின்றன என்று. தவறு. ஊர்கள் அழிவதில்லை, ஓய்வு பெறுகின்றன. முப்பது வருடம் நிலம் எடுக்கும் பணியில் இருந்தவன் நான். இந்தப் பதினேழு ஊருக்கும் முதலில் காரில் போனவன் நான்தான். அப்போதே அந்தப் பலகைகளைப் பார்த்து என் மனம் உருகியது. இதை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ஊர் இருக்கும்வரை பலகையை எடுக்க முடியாதல்லவா? பொறுமையாகக் காத்திருந்தேன்."

கைதட்டல்.

"நிலம் கொடுத்தவர்கள் சிலர் இன்று வேலை கேட்கிறார்கள், பஸ் கேட்கிறார்கள், குடிநீர் கேட்கிறார்கள். நான் கேட்கிறேன்: அவர்களில் ஒருவராவது தங்கள் மரபைக் கேட்டார்களா? இல்லை! அதைக் கேட்காமலே காப்பாற்றியது யார்? இந்த மன்றம்! அடுத்த வருடம் இருபத்து மூன்று ஊர்கள். அதற்கான பட்டியல் தயாராக இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கே இன்னும் தெரியாது. அவ்வளவு முன்கூட்டித் திட்டமிடுகிறோம்!"

மறுபடி கைதட்டல். அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்போது, மறைந்த ஈச்சம்பட்டுக்காக ஒரு நிமிட மௌனம்."

மதிவதனி மணியை அடித்தார். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். பந்தல் துணி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

செங்கமலமும் முதலில் தலை குனிந்துதான் நின்றாள். ஏழெட்டு நொடி போயிருக்கும். தனக்காகத் தானே எழுந்து நிற்கிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் தலைகள் எல்லாம் குனிந்திருந்தன. கூட்டத்துக்குப் பின்னால், பந்தல் ஓரங்களில், வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்படி அப்படியே நின்றார்கள். அந்த முகங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"டேய் ரகுபதி! கீறியா?"

மௌனத்துக்குள் அந்தக் குரல் பந்தல் முழுக்கப் போய் மோதியது. குனிந்த தலைகள் திடுக்கிட்டு நிமிர்ந்தன. வாசலிலிருந்து, "கீறேன்க்கா!" என்று பதில் வந்தது. ரகுபதி ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நடந்து வந்தான்.

"அம்மா, மௌனம்" என்றார் மதிவதனி பதறிப்போய்.

"கிளியம்மா! எங்க கீற?"

"பாத்திரம் கழுவிகினு கீறேன்!" என்றது சாப்பாட்டுப் பந்தலின் பின்பக்கம்.

"சக்திகுமாரு!"

மேடைக்குக் கீழேயிருந்தே ஒரு கை உயர்ந்தது. மைக் செட்டுக்காரன். "இங்கதான்மா. நீ பேசு, சவுண்டு ஏத்திவுடறேன்" என்று சொல்லி ஏற்றியும் விட்டான்.

"வசந்தகுமாரு!"

மாட்டுவண்டிச் சவாரிக்காக வேட்டியும் துண்டும் கட்டிவிடப்பட்டு, 'உழவர்' என்று சீட்டு மாட்டிய ஆள் வண்டியிலிருந்து குதித்தான். சக்கர வண்டியில் பானகம் விற்ற பெண்கள், கார் நிறுத்துமிடத்தில் விசிலோடு நின்றவர்கள், கழிப்பறை வாசலில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள், பந்தல் கட்டியவர்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உள்ளேன் வந்தது. மன்றம் வேலைக்கு ஆள் எடுத்தபோது, பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்தவர்களைத்தான் எடுத்திருந்தது. அவர்களுடைய ஊர் எது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. அறுபத்து மூன்று பேர் மேடையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"சாவு அறிவிக்கறதுக்கு முன்னாடி நாடி புடிச்சிப் பாக்கமாட்டீங்களா சார்?" என்று செங்கமலம் புருஷோத்தமனைக் கேட்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பஜ்ஜி கடித்தவராக இருக்கலாம்.

புருஷோத்தமன் சமாளித்துக்கொண்டார். "நல்லது! மிக நல்லது! ஆனால் விழாச் செலவில் ஒரு குடிமகளுக்குத்தான் ஒதுக்கீடு. மற்றவர்கள் தயவுசெய்து அவரவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் இன்றைய கூலி கிடையாது."

யாரும் அசையவில்லை. கிளியம்மாள் சோப்பு நுரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "உன் கூலிய நீயே வச்சிக்க" என்றாள். ரகுபதி ஒட்டு மீசையைப் பிய்த்து மதிவதனியின் மேசைமேல் வைத்தான்.

"தூக்குங்கடா" என்றாள் செங்கமலம்.

ரகுபதியும் வசந்தகுமாரும் முன்னால், இன்னும் நாலு பேர் பின்னால். பலகை எழுந்தது. மதிவதனி குறுக்கே ஓடி வந்தார். "அது பழம்பொருள்! சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது! வெளியே எடுத்துப் போக முடியாது!"

"உங்க மூணு கேள்விய இப்ப கேளுங்கம்மா" என்றாள் செங்கமலம். "இது யாருக்காவது தேவைப்படுதா? கேளுங்க."

மதிவதனி சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, வெள்ளை உறையைக் கழற்றிவிட்டு நகர்ந்து வழிவிட்டார். புருஷோத்தமன் மட்டும், "வெளியேறும் அனுமதிச் சீட்டு! வெளியேறும் அனுமதிச் சீட்டு!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார். சக்திகுமார் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்ததால் அது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. வாசலில் அனுமதிச் சீட்டு பார்க்க வேண்டிய ஆள் பலகையின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

கூட்ரோடிலிருந்து ஊர் வரைக்கும் அவர்கள் ரோட்டின் நடுவிலேயே நடந்தார்கள். ஓரத்தில் ஒதுங்கவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. கனிஷ்கா திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினாள். "இருங்கண்ணே, ஊரு போயிட்டிருக்குல்லா!" ஈச்சம்பட்டில் இருந்தவர்கள் கடப்பாரையோடு எதிரே ஓடி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் குழி வெட்டி, ஜல்லியும் சிமெண்டும் போட்டுப் பலகையை நட்டார்கள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் நின்றது. டிரைவர் பலகையையும் தன் ஷீட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அதான், போர்டு இருந்தா நான் ஏன் நிறுத்தாம போறேன்" என்றான். அன்றைக்கே மினி பஸ்ஸும் நின்றது. கம்பெனியில் செங்கமலத்துக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். பண்பாட்டு மேம்பாட்டு விழாவைப் பாதியில் கலைத்ததற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை லீவு வெட்டியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மூன்று ஞாயிறும் வீட்டில் படுத்துத் தூங்கினாள்.

ஒரு மாதம் கழித்துத் தபால்காரர் சைக்கிளை நேராக அவள் வாசலில் நிறுத்தினார். ரிஜிஸ்டர் தபால். மன்றத்தின் முத்திரை. கனிஷ்கா பிரித்து உரக்கப் படித்தாள்:

"ஈச்சம்பட்டு என்னும் ஊர் தற்போது இல்லை என்பது மன்றத்தின் ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. எனவே, இல்லாத ஊரில் சட்டவிரோதமாக நடப்பட்டுள்ள பலகையை ஏழு நாட்களுக்குள் மன்றத்திடம் ஒப்படைக்குமாறு இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது."

படித்துவிட்டு உறையைத் திருப்பினாள். பெறுநர் இடத்தில், திருமதி செங்கமலம், ஈச்சம்பட்டு என்று தெளிவாகத் தட்டச்சு செய்திருந்தது. கனிஷ்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இல்லாத ஊருக்கு ரிஜிஸ்டர் போட்டிருக்கான் பாருங்கக்கா. அதுவும் கரெக்டா வந்து சேந்திருக்கு."

"நீ பதில் எழுது. நான் சொல்றேன்" என்றாள் செங்கமலம்.

கனிஷ்கா பேனாவை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். செங்கமலம் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அய்யா, உங்க லெட்டர் கெடச்சிது. போர்ட நீங்களே வந்து எடுத்துகினு போங்க. சுங்குவார்சத்திரத்துல மினி பஸ் ஏறி, ஈச்சம்பட்டுன்னு டிக்கெட் கேளுங்க. போர்டாண்டயே எறக்கி வுடுவாங்கோ. எறங்கற எடத்துல நாங்க நின்னுகினு இருப்போம்."

கனிஷ்கா எழுதி முடித்து நிமிர்ந்தாள். "எத்தன பேருன்னு போடட்டுமாக்கா?"

செங்கமலம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும்னு போடு."